ஆறு நாடித் துடிப்புகள்



மகப்பேறு வாய்க்காத இல்லங்களில் பழி முதலில் பெண்ணின் தலையிலேயே விழுகிறது. ஆடவனின் விந்தைச் சோதித்தறியும் முறை வளர்ந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்கும்போது எனக்கு அந்தப் பழிதான் நினைவுக்கு வருகிறது.

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் லேவன்ஹூக் என்றொரு துணி வணிகர் இருந்தார். பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர், தாமே தேய்த்த வில்லைகளால் பிறர் காணாதவற்றைக் கண்டவர். 1677-இல் ஜோஹன் ஹாம் என்ற மாணவர், நோயுற்ற ஒருவனின் விந்தைச் சிமிழில் கொண்டுவந்தார். அதில் வாலுடைய சிற்றுயிர்கள் நெளிந்தன. நோயினால் நேர்ந்த அழுகலே அவற்றைத் தோற்றுவித்தது என்று மாணவர் எண்ணினார். லேவன்ஹூக் அதனோடு அமையவில்லை. நோயற்ற தம்முடைய விந்தையே ஆராய்ந்தார். அஃது இல்லறத்தின் இயல்பான விளைவாகக் கிடைத்தது என்றும், நாடி ஆறு முறை துடிக்குமுன் அதைப் பார்த்துவிட்டதாகவும் லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். அறிஞர்களுக்கு அருவருப்பாகத் தோன்றினால் வெளியிட வேண்டா என்றும் கேட்டுக்கொண்டார். அந்தக் கூச்சத்தை நான் எள்ளமாட்டேன். அவ்வளவு கூசியவர், எவ்வாறு பெற்றார், எத்துணை விரைவில் பார்த்தார் என்பவற்றை மறைக்காமல் எழுதினாரே!

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி பனியால் குளிர்வித்த விந்தணுக்கள் அசைவற்றுப் போவதையும், வெப்பம் திரும்பியதும் மீண்டும் நீந்துவதையும் கண்டார். குளிர்ந்த சிமிழைப் பார்த்து, ‘இவனுக்குக் குறை’ என்று ஒருவர் தீர்ப்புரைத்தால் அது யாருடைய குறை?

1866-இல் அமெரிக்க மருத்துவர் சிம்ஸ் வேறு வழி காட்டினார். 1913-இல் ஹூனர் அதை விரித்துரைத்தார். கூடலுக்குப் பின் மனைவியின் உடலிலிருந்தே விந்தணுக்களை எடுத்துப் பார்ப்பது அந்த முறை. கணவன் சிமிழும் கையுமாக மருத்துவமனை செல்ல வேண்டியதில்லை. சோதனை மேசையில் படுத்தவளோ மீண்டும் பெண்தான்!

உலக சுகாதார நிறுவனம் 1980-இல் இச்சோதனைக்கெனக் கையேடு வெளியிட்டது. ஆய்வுக்கூடத்தை அடுத்த தனியறையே தக்க இடம். அந்நிய அறையில் மனம் கூசுவோர் உண்டு. அவசரத்தில் முதற்பகுதி சிந்திவிடுவதும் உண்டு. விந்தணுக்கள் மிகுதியாக இருப்பது அந்த முதற்பகுதியில்தான். ஆதலால் சிந்தியதை மறையாமல் சொல்ல வேண்டும். ஒரே சோதனையால் முடிவு கட்டவும் கூடாது. வீட்டில் எடுப்போர் ஒரு மணி நேரத்துக்குள், 20 முதல் 37 பாகை வெப்பத்துக்குள் காத்துக் கொண்டுவர வேண்டும். சிமிழைச் சட்டைக்குள் உடம்போடு அணைத்து வரச் சொல்வார்கள்.