கோயில் சாவி யார் இடுப்பில்?

நண்பர்கள் சிலர் என்னைப் 'பழமைவாதி'ன்னு சொல்றதுண்டு. சந்தோஷமா ஏத்துக்கறேன் :-) அரசாங்கம் கை வைக்காத இடம் நாட்டில் கொஞ்சமாவது இருக்கணும், சாமி கும்பிடற இடம் அதில் முதலாவதுங்கறது என் கட்சி. ஆனா "அரசே, கோயிலை விட்டு வெளியேறு"ன்னு ஒரே வரியில் முடிச்சிடலாம்னு பார்த்தா, சரித்திரம் விட மாட்டேங்குது.

முதலில் கும்பெனிக்காரன் கதை. கோயில் மானியங்களைச் சிலர் சாப்பிடறாங்கன்னு சொல்லி, 1817-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் (ஏழாவது ரெகுலேஷன்) போட்டான். கோயில் சொத்து ரெவின்யூ போர்டின் மேற்பார்வைக்குப் போச்சு. கலெக்டரே திருவிழா ஏற்பாடு வரை பார்த்தார். 'கிறிஸ்தவ அரசு விக்கிரக ஆராதனைக்குத் துணை போகலாமா'ன்னு மிஷனரிகள் சத்தம் போட, 1840-களில் கும்பெனி மெல்லக் கையைக் கழுவிக்கிட்டது. 1863-ல் வந்த சட்டம், பொறுப்பை உள்ளூர்க் கமிட்டிகளிடமும் தர்மகர்த்தாக்களிடமும் விட்டுச்சு.

அதாவது, இன்னிக்கு என்னைப் போன்றவங்க கேட்கிற 'சுதந்திரம்' அப்பவே கிடைச்சது. என்ன ஆச்சு? பல ஊர்களில் நிலமும் நகையும் பெரிய மனுஷங்க கைக்குப் போச்சு. தட்டிக் கேட்கணும்னா கோர்ட்டுக்குத்தான் அலையணும். ஏழை பக்தனுக்கு அது ஆகிற காரியமா?

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் ராஜா காலத்தில், 1925-ல் நிறைவேறின இந்து அறநிலையச் சட்டம். அது செல்லுமான்னு கேள்வி வரவே, 1927-ல் மறுபடி நிறைவேத்தினாங்க.

இன்னொண்ணும் இருக்கு. 1939 ஜூலை 8. வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட சகோதரர்களை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைச்சுட்டுப் போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு துணை நின்றார். எதிர்ப்பு கிளம்பினப்போ, ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அவங்களைக் காப்பாத்துச்சு. நூத்துக்கணக்கான வருஷம் வாசல்ல நிறுத்தப்பட்டவனுக்குக் கதவு திறக்க, சட்டத்தின் பலமும் தேவைப்பட்டது. இதை மறைச்சுட்டு பக்தியைப் பத்திப் பேசறது நியாயமில்லை.

சரி, அப்போ அரசாங்கம் பண்றதெல்லாம் சரியா? அதுவும் இல்லீங்க.

1951 சட்டத்தில் போர்டு போய் அரசுத் துறையே வந்தது. மடத்துக்குள்ள எந்த இடத்துக்கும் அதிகாரி எப்ப வேணும்னாலும் நுழையலாம்னு அதில் ஒரு பிரிவு! சிரூர் மடம் வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம், ஆனா வழிபாடு எப்படின்னு முடிவு பண்றது அந்த சமயத்தாரின் உரிமைன்னு கோடு கிழிச்சது. அப்புறம் வந்ததுதான் 1959 சட்டம்.

சிதம்பரம் வழக்கில் 2014 ஜனவரி 6-ல் வந்த தீர்ப்பு இன்னும் தெளிவு. நிர்வாகக் கோளாறைச் சரிபண்ண அரசு உள்ளே வரலாம். ஆனா சரியானதும் வெளியே போயிடணும், காலவரையில்லாம உட்கார்ந்துக்க முடியாது. வைத்தியர் நோயைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போகணும். நம்ம வீட்டிலேயே குடியேறிட்டா எப்படி?

என் மனசுக்குப் பட்டது இதுதான். ஆபத்து அரசாங்கம்ங்கற பேரில் இல்லை, கணக்குக் கேட்க ஆளில்லாத அதிகாரத்தில் இருக்கு. அது கலெக்டரா இருந்தாலும், பரம்பரை தர்மகர்த்தாவா இருந்தாலும், ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் சிபாரிசில் வந்த அறங்காவலரா இருந்தாலும் ஒண்ணுதான். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டைப் பாருங்க (கி.பி. 919, 921). வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது. அவன் நெருங்கிய சொந்தக்காரனுக்கும் இடமில்லை! பழமைவாதின்னா இந்தப் பழமையைத்தான் நான் பிடிச்சுக்குவேன்.

அதனால, கோயிலை 'மீட்கணும்'னு கொடி பிடிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீட்டு யார் கையில் கொடுக்கப் போறோம், அவங்களை யார் கணக்குக் கேட்பாங்க, வாசல் எல்லாருக்கும் திறந்திருக்குமா? இந்த மூணுக்கும் பதில் எழுதிட்டு வாங்க. 'அரசே பார்த்துக்கட்டும்'ங்கிற நண்பர்களே, நீங்களும் ஒண்ணு சொல்லுங்க: அரசு எப்போ வெளியே போகும்?

அதுவரைக்கும் நம்ம ஊர்க் கோயில் நிலம் எத்தனை ஏக்கர், குத்தகை எவ்வளவு வருதுன்னு விசாரிக்கலாமே. 2005-லிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. அர்ச்சனைச் சீட்டு வாங்கிற கையால ஒரு மனுவும் எழுதலாம். சாமி கோவிச்சுக்க மாட்டார்.