செல்வம், உரிமை, மகிழ்ச்சி: பூட்டான் வரலாறு உணர்த்துவது

திருக்குறளின் 'நாடு' என்னும் அதிகாரம், ஒரு நாட்டுக்கு அணிசேர்ப்பன ஐந்தினை எண்ணுமிடத்துச் செல்வத்தையும் இன்பத்தையும் வேறுவேறாகவே வைத்து எண்ணுகிறது. இரண்டும் ஒன்றெனின் இருமுறை எண்ண வேண்டுவதில்லை. எனினும், செல்வம் மிகுந்தால் மகிழ்ச்சி தானே மிகும் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டுப் பொருளியலில் வேரூன்றியிருந்தது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலறிஞர் ரிச்சர்டு ஈஸ்டர்லின் அதனை ஐயுற்றார். ஒரு நாட்டினுள் செல்வர் வறியரினும் மகிழ்ச்சியுடையராய்க் காணப்படினும், நாட்டின் வருவாய் காலப்போக்கில் பெருகுவதற்கேற்ப மக்களின் மகிழ்ச்சி பெருகவில்லை என்பதனைப் போருக்குப் பிந்திய அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு அவர் காட்டினார். பின்வந்தோர் சிலர் அம்முடிவை மறுத்துள்ளனர். ஆயினும் வினா நிலைத்துவிட்டது. அதே காலப்பகுதியில் இவ்வினாவைத் தன் அரசியற் கொள்கையாகவே ஆக்கிக்கொண்ட நாடு பூட்டான்.

மன்னர் வகுத்த நெறி

இமயமலைச் சரிவில் அமைந்த அச்சிறு நாடு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகத் தொடர்பின்றி ஒதுங்கியிருந்தது. மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் 1953இல் நாட்டுப் பேரவையை நிறுவினார். பண்ணையடிமை முறையையும் ஒழித்தார். 1961இல் இந்தியாவின் உதவியுடன் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று. 1971இல் பூட்டான் ஐக்கிய நாடுகள் அவையில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டில், பதினாறு வயதில் அரசுப் பொறுப்பேற்ற ஜிக்மே சிங்கே வாங்சுக், நாட்டின் மொத்த உற்பத்தியினும் மக்களின் மொத்த மகிழ்ச்சியே முதன்மையானது என்னும் கருத்தை முன்வைத்தார். நேரிய வளர்ச்சி, இயற்கைப் பேணல், பண்பாட்டுக் காப்பு, நல்லாட்சி ஆகிய நான்கும் அதன் தூண்களாகப் பின்னர் வகுக்கப்பட்டன.

இந்நெறி செல்வத்தைப் புறக்கணித்தது எனக் கருதுவது பிழை. மலையாறுகளிலிருந்து மின்னாற்றல் எடுத்து இந்தியாவுக்கு விற்றுப் பெற்ற வருவாய் அரசின் கருவூலத்துக்குப் பெருந்துணையாயிற்று. கல்வியும் மருத்துவமும் கட்டணமின்றி வழங்கப்பெற்றன. 1960களில் நாற்பது ஆண்டுகளைக்கூட எட்டாதிருந்த சராசரி வாழ்நாள், இந்நூற்றாண்டில் எழுபதைக் கடந்தது. பிறந்த குழவி பிழைத்திருப்பதே ஒரு தாய்க்கு முதல் மகிழ்ச்சி. அதற்குப் பொருள் வேண்டும். செல்வத்தின் பணி இவ்வளவில் மறுக்கவொண்ணாதது.

கணக்கில் விடுபட்டோர்

நான்கு தூண்களுள் ஒன்றாகிய பண்பாட்டுக் காப்பே, அந்நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த மக்களுக்குப் பெருந்துயராய் முடிந்தது. அவர்கள் நேபாள மொழி பேசுவோர், லோட்சாம்பா எனப்படுவோர். 1985ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1958ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டிற்று. 1988இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கில், அச்சான்று காட்ட இயலாதோர் பலர் அயலார் என வகைப்படுத்தப்பட்டனர். 1989இல் வடபகுதியினரின் உடையும் ஒழுகலாறும் நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டன. பள்ளிகளில் நேபாள மொழிப் பாடம் நீக்கப்பட்டது. 1990இல் எதிர்ப்பு எழுந்தது, அடக்குமுறை தொடர்ந்தது. 1,00,000க்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாளத்தின் ஏதிலியர் முகாம்களில் ஏறத்தாழ இருபதாண்டுகள் வாழ நேர்ந்தது. 2007ஆம் ஆண்டின் இறுதி முதல் அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய எட்டு நாடுகளில் குடியமர்த்தப்பட்டனர்.

2010இல் பூட்டான் அரசு ஒன்பது களங்களைக் கொண்டு தன் மக்களின் மகிழ்ச்சியை விரிவாக அளந்தது. மக்களுள் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் மகிழ்ச்சியுடையோர் எனக் கண்டது. நாட்டின் எல்லைக்குள் இருந்தோரே வினவப்பட்டனர். முகாம்களில் அப்போதும் பல்லாயிரவர் இருந்தனர். அவர்களுடைய துயரம் எந்தக் களத்திலும் எண்ணப்படவில்லை. தாய்மொழியைப் பள்ளியில் இழந்தோரின் வேதனை எத்தகையது என்பதைக் கவிஞர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

உரிமை வந்தபின்

1998இல் மன்னர் தம் ஆட்சியதிகாரத்தின் பெரும்பகுதியை அமைச்சரவைக்கு அளித்தார், 2006இல் முடிதுறந்தார். 2008இல் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. அரசியற் சட்டமும் அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. மக்கள் கேட்டுப் பெறுமுன் மன்னரே வற்புறுத்தி வழங்கிய மக்களாட்சி எனப் பலரும் இதனை வியந்தனர். வழங்கப்பெற்ற உரிமையை மக்கள் தயங்காது பயன்படுத்தினர். 2013, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் முடிவுற்ற தேர்தல்கள் ஒவ்வொன்றிலும் ஆளுங்கட்சியை மாற்றினர். 2022ஆம் ஆண்டு அளவீட்டில் மகிழ்ச்சியுடையோர் ஏறத்தாழ 48 விழுக்காடு. 2023 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவையின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலினின்றும் பூட்டான் நீங்கிற்று. ஆயினும் அதே ஆண்டுகளில் கல்விகற்ற இளைஞர் பல்லாயிரவர் வேலை நாடி ஆஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். மகிழ்ச்சியைக் குறிக்கோளாகக் கொண்ட நாட்டிலும், உழைப்புக்கேற்ற ஊதியம் கிட்டாதவிடத்து மனம் அமைதி கொள்வதில்லை.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. வாக்குரிமை பெற்ற நாடாளுமன்றம் அமைந்த பின்னரும், வெளியேற்றப்பட்டோரைத் திரும்ப அழைக்க அது முன்வரவில்லை. நாட்டினுள் இருப்போர்க்கு உரிமை வந்தமையால் மட்டும் விடுபட்டோர்க்கு நீதி வந்துவிடவில்லை.

முடிவாக, செல்வம் துன்பத்தின் சில வாயில்களை அடைக்கவல்லது என்பதும், தம் மகிழ்ச்சி எதுவென்று தாமே சொல்லும் வாய்ப்பை மக்களுக்கு அரசியலுரிமை தருகிறது என்பதும் பூட்டான் வரலாற்றால் தெளிவாகும். அவ்வாய்ப்பின்றி மேலிருந்து வகுக்கப்படும் மகிழ்ச்சி, எத்துணை நல்லெண்ணத்துடன் வகுக்கப்படினும், ஒரு சாராரின் மகிழ்ச்சியாகச் சுருங்கிவிடக் கூடும். ஒரு நாட்டு மக்களின் மகிழ்ச்சியை அளக்கப் புகுவோர், மக்கள் என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்னும் வினாவுக்கு முதலில் விடை கூறியாக வேண்டும்.