இரண்டு புகைபோக்கி எம்டன்

நண்பர் வீட்டுப் பரணில் கிடைத்தது அந்தப் புகைப்படம். பின்புறத்தில், 'சென்னையில் குண்டு போட்ட எம்டன்' என்று யாரோ மையால் எழுதியிருந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கப்பலுக்கு இரண்டே புகைபோக்கிகள். முகப்பில் இரும்புச் சிலுவைச் சின்னம். இரண்டுமே எனக்கு உறுத்தின.

முதல் உலகப் போரில் சென்னைக்கு வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், 1908இல் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்டது. எம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ஜெர்மன் நகரத்தின் பெயர் அதற்கு. 1914 செப்டம்பர் 22 இரவு, கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் ஆணைப்படி அது ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அந்தக் கப்பலுக்குப் புகைபோக்கிகள் மூன்று. எதிரியை ஏமாற்ற நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியையும் நிறுத்துவார்கள். ஆக, மூன்று நான்காகலாம், இரண்டாகாது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளில், ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பலிடம் அடிபட்டுப் பவளப்பாறையில் ஏறியதோடு அதன் கதை முடிந்தது.

அடுத்த எம்டன் 1916இல் நீரில் இறங்கியது. மூத்த கப்பலின் நினைவாக இதன் முகப்பில் இரும்புச் சிலுவை பொறித்தார்கள். சிலுவை பொருந்திவிட்டது என்று நினைத்தேன். ஆனால் இதற்கும் மூன்று புகைபோக்கிகள். போர் முடிந்தபின், 1919 ஜூன் 21 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்கேப்பா ஃப்ளோவில் ஆங்கிலேயர் காவலில் இருந்த ஜெர்மானியர் தம் கடற்படையைத் தாமே மூழ்கடித்தபோது, தளபதி ராய்ட்டரின் கொடி பறந்தது இந்தக் கப்பலில்தான். ஆங்கிலேயர் இதை ஆழமற்ற நீருக்கு இழுத்துச் சென்று காப்பாற்றினார்கள். பிறகு பிரான்ஸ் வசமாகி, உடைக்கப்பட்டது.

மூன்றாவது எம்டன் 1925இல் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் உருவானது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி கட்டிய முதல் பெரிய போர்க்கப்பல் இது. பயிற்சி மாணவர்களை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றியது. பின்னாளில் ஜெர்மன் கடற்படையின் தலைமைத் தளபதியான கார்ல் டோனிட்ஸ் இதன் கேப்டனாக இருந்திருக்கிறார். புகைபோக்கிகள் இரண்டு, முகப்பில் சிலுவை. இரண்டு அடையாளமும் இதில்தான் சேர்ந்து வருகின்றன. என் கையிலிருந்த படம், சென்னை தாக்கப்பட்டுப் பதினோரு ஆண்டுகளாவது கழிந்தபின் எடுத்தது!

1961இலும் 1983இலும் பணியில் சேர்ந்த ஜெர்மன் போர்க்கப்பல்களும் இதே பெயரைத் தாங்கின. கப்பல் அழியும், கடற்படைகள் பெயரை அழிய விடுவதில்லை. நம் ஊரிலோ 'எம்டன்' என்பது கெட்டிக்காரனையும் முரடனையும் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. பெயர் அவ்வளவு பெரிதாக ஒலிப்பதால்தான், அந்தப் பெயருள்ள எந்தக் கப்பலைக் கண்டாலும் 1914 நினைவுக்கு வந்துவிடுகிறது.

மை எழுத்தை நான் அழிக்கவில்லை. அதுவும் ஒரு ஆவணம். அதன் கீழே பென்சிலால், 'மூன்றாவது எம்டன், 1925' என்று குறித்து வைத்தேன். உங்கள் வீட்டிலும் பழைய கப்பல் படம் இருந்தால், பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். புகைபோக்கியை எண்ணுங்கள்; ஆண்டையும் எழுதி வையுங்கள்.