கூடாரம் பறந்து போன கதை

டோம் டென்ட் வாங்கினா கூடவே ஒரு தாள் வரும். அதை யாரும் படிக்கறதில்ல. (நாங்க எழுதற யூசர் மேனுவலுக்கும் அதே கதிதான், அதனால எனக்கு ஆச்சரியம் இல்ல :-)) என்னோட தாள்ல, காத்து வர்ற பக்கத்து மூலையை முதல்ல முளையடிச்சிட்டு அப்புறம் மத்த வேலையைப் பாருன்னு ஒரு வரி இருக்கு. அந்த ஒரு வரிக்காக மூணு பேர் கிட்டத்தட்ட செத்துப் பொழைச்சிருக்காங்க. அந்தக் கதைதான் இன்னிக்கு.

1911 ஜூன் 27. அண்டார்டிகாவில நடுக் குளிர்காலம், சூரியனே எட்டிப் பார்க்காத மாசம். ஸ்காட்டோட குழுவிலிருந்து வில்சன், பவர்ஸ், செர்ரி-கர்ராட் மூணு பேரும் கேப் ஈவான்ஸ் முகாமை விட்டுக் கிளம்பறாங்க. போற இடம் கேப் குரோசியர், சுமார் 105 கிலோமீட்டர். எதுக்கு? எம்பரர் பெங்குவின் முட்டைக்கு! அந்தக் கருவைப் பார்த்தா பறவைகள் எதிலிருந்து வந்ததுன்னு துப்பு கிடைக்கும்னு வில்சனுக்கு நம்பிக்கை. வழியில குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுது. அங்க போய்ச் சேரவே 19 நாள்.

அவங்க கூடாரம் பிரமிட் வடிவம். மூங்கில் கழிகளோட நுனியெல்லாம் உச்சியில ஒண்ணா சேர்ந்திருக்கும், மேல துணியைப் போர்த்தி, கீழ்விளிம்பு மேல பனிக்கட்டியை அள்ளிப் போட்டு அமுக்கிடுவாங்க. இந்த அமைப்பை யாரும் லேசா நினைக்க வேண்டாம், பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வாளர்கள் இன்னிக்கும் பிரமிட் கூடாரம்தான் தூக்கிட்டுப் போறாங்க.

குரோசியர்ல கல்லை அடுக்கி ஒரு குடிசை கட்டினாங்க. கூரைக்கு கித்தான் துணி. கூடாரத்தை வாசல் பக்கத்திலேயே அடிச்சு சாமான்களை அதுல வெச்சாங்க. அஞ்சு முட்டை எடுத்து, வர்ற வழியில ரெண்டு உடைஞ்சு, மூணு மிச்சம். ஜூலை 22 புயல் பிடிச்சுது. பவர்ஸ் வெளிய எட்டிப் பார்த்தா கூடாரத்தைக் காணோம். மறுநாள் வில்சனோட பிறந்தநாள் (நல்ல பரிசு!). அன்னிக்குத்தான் குடிசைக் கூரையும் கிழிஞ்சு பறந்துச்சு. மூணு பேரும் தூங்கற பைக்குள்ள படுத்து, மேல பனி மூட மூட, அப்படியே கிடந்தாங்க. கூடாரம் இல்லாம அந்தக் குளிர்ல திரும்பி நடக்க முடியாதுன்னு மூணு பேருக்கும் தெரியும்.

புயல் கொஞ்சம் தணிஞ்சதும் தேடினாங்க. சுமார் அரை மைல் தள்ளி, சரிவுக்குக் கீழ கூடாரம் கிடந்துது! கிழியல. கழிகள் உச்சியில ஒண்ணா இணைஞ்சிருந்ததால, பறக்கும்போதே மடக்கின குடை மாதிரி சுருங்கியிருக்கு. அது விரிஞ்ச மேனிக்குப் பறந்திருந்தா கடல் வரைக்கும் போயிருக்கும்னு என் கணிப்பு. அதுக்கப்புறம் பவர்ஸ் ஒரு கயித்தால கூடாரத்தை தன்னோட சேர்த்துக் கட்டிக்கிட்டுத்தான் தூங்கினார். போனா சேர்ந்தே போறோம்னு. ஆகஸ்ட் 1 முகாமுக்குத் திரும்பினாங்க.

வில்சனும் பவர்ஸும் அடுத்த வருஷம் ஸ்காட்டோட இன்னொரு கூடாரத்துக்குள்ள இறந்தாங்க. 1912 நவம்பர் 12 அவங்களைக் கண்டுபிடிச்ச குழுவில செர்ரி-கர்ராடும் இருந்தார். கழிகளை உருவி, கூடாரத் துணியையே போர்வையா இறக்கி, மேல பனியைக் குவிச்சுட்டு வந்தாங்க. அந்தக் காற்றில அவ்வளவு நாளும் கூடாரம் நின்னுதான் இருந்துது.

சரி, டோமுக்கு வருவோம். பிரமிட்ல நேர்க்கழி காத்தை எதிர்த்து விறைப்பா நிக்கும். டோம் வேற யோசனை. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954ல ஜியோடெசிக் குவிமாடத்துக்குக் காப்புரிமை வாங்கினார். முக்கோணங்களா கோத்தா கம்மி எடையில அதிக பலம். 1955லயே பில் மாஸ் ஃபைபர்கிளாஸ் கழியை வளைச்சு பாப் டென்ட் செஞ்சிருந்தார், ஆனா அது காரில் போய் இறங்கறவங்களுக்கு. ஃபுல்லரோட யோசனையை மலைக்குக் கொண்டு போனது 1975ல நார்த் ஃபேஸ் கம்பெனி விட்ட ஓவல் இன்டென்ஷன். வளைஞ்ச அலுமினியக் கழிகள் ஒண்ணை ஒண்ணு பல இடத்தில வெட்டி முக்கோணம் போடும். வளைஞ்ச கழி நேராகப் பார்க்குது, துணி விடமாட்டேங்குது, அந்த இழுபறிதான் கூடாரத்தை நிக்க வைக்குது. காத்து அமுக்கினா வளைஞ்சு கொடுத்துட்டுத் திரும்ப நிமிரும்.

கடையில ரெண்டு கழி குறுக்கே போற எதையும் டோம்னு விக்கறாங்க. அது வேற, ஜியோடெசிக் வேற. என்னுது ரெண்டு கழிதான், ஊட்டிக் குளிருக்குப் போதும்.

இதில ஒரு ஆபத்து இருக்கு. டோம் முளை இல்லாமலே நிக்கும். அதனால பலர் முளையே அடிக்கறதில்ல. நிக்கறது வேற, இருக்கறது வேறங்க! முளையில்லாத டோம் பந்து மாதிரி உருளும், குடை மாதிரி சுருங்காது. குரோசியர் அதிர்ஷ்டம் நமக்குக் கிடையாது. காத்துப்பக்க மூலையை அடிச்சிட்டு, கழியை உறைக்குள்ள தள்ளணும், இழுக்கக் கூடாது. உள்ள எலாஸ்டிக் கயிறுதான் துண்டுகளைக் கோத்திருக்கு, இழுத்தா துண்டு துண்டா கழண்டு வரும். மடிக்கும்போது நடுத்துண்டிலிருந்து ஆரம்பிச்சா கயிறு ரெண்டு பக்கமும் சமமா இழுபடும். ராத்திரி நைலான் ஈரத்தில தொய்யும், படுக்கறதுக்கு முன்னாடி இழுகயிறை ஒரு தடவை இறுக்கிடுங்க.

அந்த மூணு பேருக்கு மூச்சுக்காத்தே எதிரி. தூங்கற பையில உறைஞ்சு, பை பனிப்பாறை மாதிரி கனத்துப் போச்சு. நமக்கும் அதே மூச்சுதான், உள்பக்கம் தண்ணியா வழியும். அதுக்குத்தான் உள்துணி தனி, மேல்விரிப்பு தனி, நடுவில காத்து போக இடைவெளி. மழைன்னு பயந்து ஜன்னலை மூடிட்டுப் படுத்தா காலையில பை நனைஞ்சிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நிழல்ல விரிச்சுக் காய வைங்க. வெயில் நைலானை அரிக்கும். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம். ஈரத்தோட சுருட்டிப் பரண்ல போட்டா உள்பக்க பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தோட வேதிவினை செஞ்சு பிசுபிசுன்னு ஆகி, ஒரு மாதிரி புளிச்ச நாத்தம் வரும். அந்த நாத்தம் வந்துட்டா மேல்விரிப்பு தண்ணி தாங்காது. சென்னைப் புழுக்கத்தில இது வேகமா நடக்கும். எங்க வீட்டுல அது பையில இல்ல, பீரோ மேல ஒரு பழைய தலையணை உறைக்குள்ள தளர்வா கிடக்கு. அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.