சட்டமும் பொக்கிஷமும்

ஓர் அரசு இயற்றிய சட்டங்களைப் படித்தால் அது என்ன சொல்லிற்று என்பது தெரியும். அதன் வரவு செலவுக் கணக்கைப் படித்தால் அது எதைச் செய்ய மனங்கொண்டது என்பது தெரியும். தமிழர் மலாயாவுக்கு வந்த வரலாற்றைப் பற்றி எழுந்த நூல்களில் சட்டங்களுக்குக் கிடைத்த இடம் கணக்குகளுக்குக் கிடைக்கவில்லை. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் ரயில் முதலில் வந்து பள்ளிக்கூடம் பின்னால் வந்தது ஏன் என்ற கேள்விக்கு விடை அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

அந்நாளில் நெகிரி செம்பிலானின் கணக்கைச் சரிபார்த்த கை சிங்கப்பூரில் இருந்தது. ஆகையால் சிங்கப்பூரிலிருந்தே தொடங்குதல் வேண்டும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய அரசாங்கத்தின்கீழ் இருந்தன. அவற்றுக்குரிய சட்டங்கள் கல்கத்தாவில் இயற்றப்பட்டன. அதனை விரும்பாத வணிகர்கள் பல ஆண்டுகள் கிளர்ச்சி செய்ததன் பயனாக, அன்று முதல் அவை இலண்டன் குடியேற்ற இலாகாவின் நேர் ஆட்சிக்கு மாறின. சிங்கப்பூரில் ஒரு சட்டசபையும் ஏற்பட்டது.

அச்சபை மக்கள் தேர்ந்தெடுத்த சபையன்று. கவர்னர் தலைமை வகித்தார். உத்தியோகஸ்தர்களே பெரும்பான்மையோர். எஞ்சிய சிலர் கவர்னரால் நியமிக்கப்பட்ட வணிகர்கள். பணம் செலவிடும் தீர்மானத்தைக் கவர்னரின் சம்மதமின்றி எவரும் கொண்டுவர இயலாது. உத்தியோகஸ்தர்களோ தங்கள் சொந்த எண்ணம் எதுவாயினும் கவர்னரின் கட்டளைப்படியே வாக்களிக்கக் கடமைப்பட்டவர்கள். நியமன உறுப்பினர்கள் வாதிக்கலாம், தடுக்க முடியாது.

இந்த ஏற்பாட்டின் மெய்யுருவம் 1890-இல் வெளிப்பட்டது. சிங்கப்பூரில் தங்கியிருந்த பட்டாளத்துக்காகக் குடியேற்றங்கள் ஆண்டுதோறும் செலுத்தி வந்த தொகை சுமார் 50,000 பவுன். அதனை 1,00,000 பவுனாக உயர்த்துமாறு இலண்டன் பணித்தது. நியமன உறுப்பினர்கள் ஒருமுகமாக எதிர்த்தனர்; கவர்னர் சர் செசில் கிளமெண்டி ஸ்மித்துக்கே அதில் உடன்பாடில்லை. எனினும் உத்தரவு உத்தரவே. உத்தியோகஸ்தர் வாக்குகளால் தொகை நிறைவேறிற்று. வரும்படி வெள்ளி டாலரில், கொடுக்க வேண்டியதோ தங்கப் பவுனில். உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரியச் சரியச் சுமை தானே ஏறிற்று. 1895-இல் சிங்கப்பூரின் நியமன உறுப்பினர்கள் பதவி துறந்தனர். கௌரவ நீதிபதிகளும் சீன ஆலோசனைச் சபையினரும் அவர்களைப் பின்பற்றினர். அதன்பின் தொகை குடியேற்றங்களின் வருவாயில் 17.5 விகிதம் என்று வரையறுக்கப்பட்டது.

அந்த வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினிக் குத்தகையிலிருந்து வந்தது. வருமான வரி அக்காலத்தில் இல்லை. கூலியாளின் மயக்கத்திலிருந்து திரட்டிய பணத்தைப் பற்றியே பிரபுக்களும் கவர்னரும் வழக்காடினர். பணம் தந்தவன் சார்பில் பேச ஓர் ஆளும் அச்சபையில் இல்லை.

இனி நெகிரி செம்பிலானுக்கு வருவோம். 1874-இல் சுங்கை ஊஜோங்கின் டத்தோ கிளானா பிரிட்டிஷ் பாதுகாப்பை ஏற்றார். அங்கே ஆங்கில ரெசிடெண்டு அமர்ந்தார். நாளடைவில் ரெசிடெண்டும் மலாய்த் தலைவர்களும் சீனப் பிரமுகர்களும் கூடிய இராச்சிய சபை அமைந்தது. சட்டங்கள் அச்சபையின் பெயரால் வெளிவந்தன. ஆனால் ஆண்டின் வரவு செலவு மதிப்பீட்டை ரெசிடெண்டு தயாரித்தார். சிங்கப்பூர்க் கவர்னர் அதனை ஒப்பினார். சிங்கப்பூரில் தோற்பதற்கேனும் ஒரு வாதம் நடந்தது. இங்கே பொக்கிஷத்தைப் பற்றிய வாதமே அரிதாயிற்று.

இராச்சியத்தின் வருவாய் ஈயத்தின்மேல் விதித்த ஏற்றுமதி வரியையும், அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் குத்தகைகளையும் நம்பியிருந்தது. செலவோ பாதை, காவல், அலுவலகம் என்ற வழியில் ஓடிற்று. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு 1891-இல் ரயில் ஓடத் தொடங்கிற்று. அதனை அமைத்தது தனியார் கம்பெனி; ஆயினும் முதலீட்டுக்கு வட்டி கிடைக்கும் என்ற உறுதியை அரசாங்கம் அளித்திருந்தது. ஈயம் கடற்கரைக்குச் செல்ல வழி பிறந்தது. அக்காலத்துக் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் ரந்தாவ், சிலியாவ், போர்ட்டிக்சன் பக்கங்களில் பரவிய ரப்பர்த் தோட்டங்களுக்கும் அதே பாதை பயன்பட்டது.

இத்தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் தேவைப்பட்டது. 1884-இல் நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியர் குடிநுழைவுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பதிவு, ஒப்பந்தம், கூலி, மருத்துவம் பற்றிய விதிகள் அதில் இருந்தன. ஒப்பந்தத்தை முறித்து ஓடிய கூலியாளுக்குச் சிறைத் தண்டனையும் இருந்தது. இந்த விதிகளுள் விரைந்து செயற்பட்டவை எவை என்று நோக்கினால் உண்மை புலப்படும். ஆள் வரவேண்டும் என்பதற்காக 1887 முதல் கப்பல் போக்குவரத்துக்கு அரசாங்கப் பணம் உதவித்தொகையாகச் சென்றது. ஓடியவனைப் பிடிக்கப் போலீசு இருந்தது. இவ்விரண்டுக்கும் பொக்கிஷத்தில் வழி இருந்தது. கூலியாளின் நலத்தைப் பற்றிய விதிகளுக்கு அத்தகைய தனி நிதி இல்லை. அவை தோட்டத் துரையின் கைப்பணத்தையும் மனத்தையும் எதிர்பார்த்து நின்றன.

1895-இல் சுங்கை ஊஜோங், ஜெலுபு முதலியவை இணைந்து இன்றைய நெகிரி செம்பிலான் உருவாயிற்று. மறு ஆண்டு, 1896 ஜூலை 1-இல், பேராக், சிலாங்கூர், பகாங் ஆகியவற்றுடன் அது ஐக்கிய மலாய் நாடுகளில் ஒன்றாயிற்று. அதன்பின் ஒரே சட்டம் கோலாலம்பூரில் எழுதப்பட்டு, நான்கு இராச்சிய சபைகளிலும் தனித்தனியே நிறைவேற்றப்படும் வழக்கம் வந்தது. அதிகாரம் ஓரிடத்தில் குவிவதைக் குறித்து 1903-ஆம் ஆண்டு ஆட்சியாளர் மாநாட்டில் பேராக் சுல்தான் இத்ரிஸ் வெளிப்படையாகவே குறை கூறினார். 1909-இல் கூட்டரசு சபை ஏற்பட்டு வரவு செலவு அங்கே சென்றது. அதன் நியமன உறுப்பினர்கள் தோட்டம், சுரங்கம், வணிகம் சார்ந்தவர்கள்.

அச்சபை 1912-இல் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலைக் காணிக்கையாக அளிக்க முடிவு செய்தது. 'மலாயா' என்று பெயர் பெற்ற அக்கப்பலுக்கு ஏறக்குறைய 30 லட்சம் பவுன் செலவாயிற்று. ஈயமும் ரப்பரும் அந்நாடுகளின் செல்வம். அந்த ரப்பரில் பால் எடுத்தவர்களுள் மிகப் பலர் தமிழர். ஆனால் கூட்டரசு சபையில் ஓர் இந்தியர் அமர 1928 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு நியமனம் பெற்றவர் வழக்கறிஞர் எஸ். வீராசாமி.

பணத்தோடு பிறந்த சட்டம் எப்படி நடக்கும் என்பதற்கும் அதே காலத்தில் சான்று உண்டு. 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதிச் சட்டம் வந்தது. தோட்ட முதலாளிகள் தம்மிடம் உழைத்த ஆட்களின் கணக்குப்படி நிதிக்குப் பணம் செலுத்தினர். அந்நிதியிலிருந்து வருவோரின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. சட்டத்துக்குள்ளேயே பணம் வரும் வழி வகுக்கப்பட்டிருந்ததால் அது காகிதமாக நிற்கவில்லை. கப்பற் கட்டணத்துக்காகக் கடன்பட்டு வரும் கொடுமை குறைந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையும் ஒழிந்தது.

பள்ளிக்கூடத்தின் கதை வேறு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் ஓரினத்துப் பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குமேல் இருப்பின் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. வரவேற்கத்தக்க விதிதான். ஆனால் நிலமும் கட்டடமும் தோட்டத்தின் பொறுப்பாயின, பொக்கிஷத்தின் பொறுப்பாகவில்லை. துரை நல்லவராயின் பள்ளி நன்றாயிருந்தது. இல்லையேல் கொட்டகையின் ஓரத்தில் கங்காணியோ கிராணியோ எழுத்துச் சொல்லிக் கொடுத்ததோடு நின்றது. பள்ளியைப் பிள்ளையின் உரிமையாக எண்ணாமல் தோட்டத்தின் தேவையாக எண்ணிய அந்த ஏற்பாட்டின் தழும்பு இன்றும் மறையவில்லை. தோட்ட நிலத்தில் எழுந்த தமிழ்ப் பள்ளிகள் பல இன்னமும் அரசாங்கத்தின் முழு உதவி பெறாமல் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. நிலம் யாருடையது என்ற கேள்வியே அதற்கு முக்கிய காரணம்.

1957-இல் மலாயா விடுதலை பெற்றபோது, சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கலாகாது என்றும், ஆண்டுக் கணக்கு மக்கள் சபையின் முன் வைக்கப்பட வேண்டும் என்றும் அரசியலமைப்பு வகுத்தது. 1895-இல் பதவி துறந்தவர்கள் கேட்டதைவிட இது பெரிது. ஏனெனில் இப்போது வாதிப்பவர் நியமனம் பெற்றவரல்லர், வாக்குப் பெற்றவர். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், ஒரு சட்டம் நிறைவேறிய ஆண்டை மாணவர் மனத்தில் பதிய வைப்பதோடு, அதற்குப் பணம் யார் தந்தார், யாருக்குச் செலவாயிற்று, கேட்க யார் இருந்தார் என்ற மூன்று கேள்விகளையும் உடன் எழுப்புவாராயின், தோட்டத்துப் பிள்ளை தன் பள்ளியின் சுவர்களைப் புதிய கண்ணோடு பார்க்கும்.