தண்ணீர் கலவாத பால்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில், பிரட்டுக்களத்துக்குப் புறப்படுமுன் லயத்தின் பின்புறத்துக் கொட்டிலில் ஒரு பசுவைக் கறந்து, அப்பாலை விற்றுப் பிள்ளைகளின் கொப்பிக்கும் பென்சிலுக்கும் வழி தேடும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய தாய் ஒருவர் ஒருநாள் கண்கலங்கி என்னிடம் வந்தார். பாலிற் கொழுப்புக் குறைவென்று விலையைக் குறைத்ததோடு, “தண்ணீர் கலந்தாயா?” என்றும் கேட்டுவிட்டார்களாம். “பிள்ளைமேல் ஆணை, ஒரு சொட்டும் கலக்கவில்லை, ஐயா” என்றார். வரட்சியினாற் புல் கிடைக்காமல், சில வாரங்களாக அரிசித் தவிட்டையே பெரிதும் வைத்ததாகவும் சொன்னார். அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர் தேடிப் படித்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

தீனி மாறினாற் பாலின் கொழுப்புக் குறையும் என்பது புதிய செய்தியன்று. பிரான்சிய இரசாயன அறிஞரும் பண்ணையாளருமான பூசங்கோ 1845ஆம் ஆண்டிலேயே இதைக் குறித்துவைத்தார். காரணம் மட்டும் நூற்றாண்டுக்கு மேலாகப் புலப்படவில்லை. கொழுப்பை ஆக்குவதற்கு வேண்டிய மூலப்பொருள் போதாமையே காரணம் என்று சிலர் கருதினர். அக்கருத்து நிலைக்கவில்லை.

விடையின் முதற்பகுதி பசுவின் முதல் இரைப்பையிற் கிடைத்தது. தாவர எண்ணெய்களிலுள்ள நிரம்பாத கொழுப்பமிலங்களோடு அங்குள்ள நுண்ணுயிர்கள் ஐதரசனைச் சேர்த்து, அவற்றை நிரம்பியவையாக மாற்றுகின்றன. 1951இல் றைசர் என்னும் அறிஞர் இதனை எடுத்துக்காட்டினார். இம்மாற்றம் ஒரே பாய்ச்சலில் நிகழ்வதில்லை. இடையிடையே வேறு கொழுப்பமிலங்கள் தோன்றி மறைகின்றன. நார் குறைந்து, மாவும் எண்ணெயும் மிகுந்த தீனியை உண்ணும்போது, இந்த இடைப்பொருள்களின் வகையே மாறிவிடுகிறது.

அவ்வாறு தோன்றும் ஒரு கொழுப்பமிலத்தை, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதல் இரைப்பைக்கு அப்பால் நேரே செலுத்திப் பார்த்தனர். நாளொன்றுக்குப் பத்துக் கிராமே கொடுத்தும், பாற்கொழுப்பு 40 வீதத்துக்கு மேற் குறைந்தது! அதனோடு ஏறக்குறைய ஒத்த அமைப்புடைய இன்னோர் அமிலத்தால் அவ்விளைவு உண்டாகவில்லை.

இத்துணைச் சிறு அளவு எப்படி இவ்வளவு செய்தது? மடியின் உயிரணுக்களில், கொழுப்பாக்கும் நொதியங்களுக்கான கட்டளைகளைப் பரம்பரையலகுகள் வைத்திருக்கின்றன. அவ்வமிலம் பரம்பரையலகுகளை மாற்றுவதில்லை. அவற்றுட் பலவற்றின் வேலையைத் தணிக்கிறது. அவற்றைத் தூண்டிவிடும் கட்டுப்பாட்டுப் புரதம் ஒன்றின் செயற்பாடும் குன்றுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. விளக்கைக் கழற்றாமலே திரியைத் தாழ்த்துவது போன்றது இது. தீனியைச் சீராக்கினாற் சில வாரங்களிற் கொழுப்பு மீண்டும் ஏறும்.

இனி, அந்தத் தாயின் வழக்குக்கு வருவோம். தவிட்டிற் கணிசமான எண்ணெய் உண்டு. அதன் பெரும்பகுதி நிரம்பாதது. புல்லின்றி அதையே மிகுதியாக வைத்ததாற் கொழுப்புக் குறைந்திருக்கலாம். தண்ணீர் கலந்தாற் கொழுப்பும் ஏனைய திண்மங்களும் சேர்ந்தே குறையும்; பால்மானியும் தாழ்ந்து காட்டும். தீனியினால் நேரும் குறைவிலோ கொழுப்பு ஒன்றே பெரிதும் இறங்கும். புரதம் அவ்வளவாக மாறாது. ஆயினும் ஆடையை எடுத்துவிட்ட பாலும் இதே குறியைத் தரும் என்பதை மறைத்தல் முறையன்று.

அப்படியானால் நீதி எங்ஙனம் காண்பது? பழைய வழி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1901ஆம் ஆண்டின் பால் விதிகள் கொழுப்புக்கு 3 வீதமும், ஏனைய திண்மங்களுக்கு 8.5 வீதமும் வரையறுத்தன. அவற்றிற் குறைந்த பால் ஐயத்துக்குரியதே. ஆனால் விற்றவர் தம் நேர்மையை நிறுவ இடமிருந்தது. சாட்சி முன்னிலையிற் பசுவைக் கறந்து, அப்பாலையே சோதிக்கும் வழக்கமும் அங்கிருந்தது. பசுவிடமே முறையிடுதல் என்று அதனைச் சொல்வார்கள்.

நமது தோட்டப் பகுதிகளிலும் அந்த வழி கடினமானதன்று. ஒருவரைக் கள்வர் என்று சொல்லுமுன், அவர் பசுவை ஒருமுறை கறந்து பார்ப்போம். அது என்ன தின்றது என்று கேட்போம். ஓர் ஏழையின் வாக்கு, பசுவின் மடியிலேயே மெய்ப்படக்கூடும்.