சுவரில் எழுந்த சித்திரம்

திரைப்படச் சுவரொட்டியின் பிறப்பிடம் கல். ஜெர்மனி நாட்டுச் செனபெல்டர் 1796ஆம் ஆண்டளவில் கண்ட கல்லச்சு முறையில், ஓவியர் சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார். கல்லை நனைத்தால், அச்சுமை நீரை விலக்கிக் கோட்டில் மட்டும் பற்றும். வண்ணம் ஒன்றுக்குக் கல் ஒன்று. நாயகியின் கன்னச் சிவப்பும் சேலையின் நீலமும் தனித்தனியே தாளில் ஏறின.

1894இல் ரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம் தெய்வப் படங்களை இல்லந்தோறும் சேர்த்தது. அப்படங்களிற் பழகிய கண்களுக்கே சினிமாச் சித்திரக்காரர் எழுதினர். 1948இல் 'சந்திரலேகா'வுக்கு வாசன் செய்த விளம்பரம் நாடறிந்தது.

எழுத்தறியாதார்க்குச் சுவரொட்டியே கதை சொன்னது. பெரிய முகம் நாயகன், புருவம் நெரித்தவன் பகைவன், மூலையில் சிரிப்பவன் கோமாளி. எழுத்தறிந்த நாமும் படத்தைப் பார்த்த பிறகே பெயரைப் படித்தோம் அன்றோ!

வாரம் முடிந்தால் சுவரொட்டி குப்பை. ஆயினும், ஊவாத் தோட்டங்களில் அதற்கு மறுபிறப்பு உண்டு. லயத்துக் காம்பராக்களின் உட்சுவரில், குளிர்காற்றைத் தடுக்க அத்தாள்கள் ஒட்டப்பட்டிருந்ததை என் இளமையில் கண்டிருக்கிறேன். அடுப்புப் புகையில் நாயகர் முகம் கறுத்திருக்கும்.

கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மண்சரிவு லயங்களை மூடியது. மாண்டோர் துயரின்முன் காகிதம் பெரிதன்று. எனினும், ஏனைய தோட்டங்களில் பழைய லயங்கள் இடிபடுமுன், மாணாக்கர் சுவரில் எஞ்சிய தாள்களை உரிக்காமல், இருந்தவாறே படம்பிடித்து, வீட்டாரிடம் விவரங் கேட்டு எழுதிவைக்கலாம்.